எது சாதாரணச் சண்டை, எது விலக வேண்டிய உறவு?

மழைத்துளி:
வணக்கம். சண்டையே இல்லாத உறவு கிடையாது, சரி. ஆனால் ஒருவர் குத்திப் பேசுகிறார், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பிறகு அழுது மன்னிப்புக் கேட்டு ஒரு வாரம் தங்கமாக நடந்துகொள்கிறார் என்றால், இது பொறுத்துப் போக வேண்டியதா, விலக வேண்டியதா? எதை வைத்து முடிவு செய்வது? விலகியவர்களும் ஏன் மறுபடி போய் ஒட்டிக்கொள்கிறார்கள்? "மனசு சொல்றதக் கேளுங்க" மாதிரியான பதில் வேண்டாம். செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

கரைமேகம்:
சண்டை எத்தனை தடவை என்று எண்ணாதீர்கள். எப்படிச் சண்டை போடுகிறார்கள், அதற்குப் பிறகு என்ன மாறுகிறது என்று பாருங்கள். தம்பதிகளின் பேச்சைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், உறவை அரிப்பவை என்று நான்கைச் சொல்கிறார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதைச் சொன்னாலும் பழியைத் திருப்பிவிடுவது, வாயை இறுக மூடிக்கொள்வது. இவற்றில் மோசமானது இளக்காரம். "சொன்ன நேரத்துக்கு வரல" என்பது புகார். "உனக்கு எப்பதான் பொறுப்பு வந்துச்சு" என்பது ஆளைக் குறை சொல்வது. நாலு பேர் முன்னால் உங்கள் குரலிலேயே பேசிக் காட்டிச் சிரிப்பது இளக்காரம்.

ஒரு சின்ன 'முடியாது' சொல்லிப் பாருங்கள். "இந்த ஞாயிறு வர முடியல, வேற வேலை இருக்கு." நல்ல உறவில் கொஞ்சம் வருத்தப்படுவார், அதோடு முடிந்துவிடும். கெட்ட உறவில் விசாரணை நடக்கும், பழைய கணக்கெல்லாம் வெளியே வரும், கடைசியில் நீங்களே மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள். அந்த 'முடியாது'வைச் சொல்லவே பயமாக இருந்தால் சோதனை வேண்டாம், விடை அந்தப் பயத்திலேயே இருக்கிறது.

கூடவே எழுதி வையுங்கள்: தேதி, நடந்தது, அவர் கொடுத்த வாக்கு, அது நடந்ததா. சமாதானமான வாரத்தில் பழையது மங்கித் தெரியும், அதற்காகத்தான் இந்தக் குறிப்பு. அவர் கையில் கிடைக்காத இடத்தில் இருக்கட்டும்.

வடதிசை:
ஏன் திரும்பிப் போகிறார்கள் என்ற கேள்விக்கு: அந்தத் 'தங்கமான வாரம்'தான் காரணம். அடிபட்ட பெண்களை ஆராய்ந்த உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் இதை ஒரு சுழற்சியாக விவரித்தார். இறுக்கம் கூடும், வெடிக்கும், பிறகு கொஞ்சல். எல்லா உறவும் இந்த வரிசையில் போவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான். எப்போதாவது, முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி கிடைக்கும் பரிசு ஒரு பழக்கத்தை மிகவும் கெட்டிப்படுத்தும் என்பது நடத்தை உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகளிலிருந்தே தெரிந்த விஷயம். தினமும் கெட்டவராக இருப்பவரை விடுவது இதைவிடச் சுலபம்.

அதனால் முடிவை ஒரே தடவை, சுருக்கமாகச் சொல்லுங்கள்: "நான் இதோட விலகிக்கிறேன். இனிமே கூப்பிட வேண்டாம்." காரணம் அடுக்காதீர்கள், ஒவ்வொரு காரணமும் வாதத்துக்குப் பிடி கொடுக்கும். கடைசியாக ஒரு சந்திப்பு, 'நண்பர்களா இருப்போம்' இரண்டுமே பெரும்பாலும் திரும்பிப் போகும் வழிகள். பிரிந்ததும் அழைப்புகள் முதலில் கூடத்தான் செய்யும். இருபது அழைப்பை விட்டுவிட்டு இருபத்தோராவதை எடுத்தால், இருபத்தொன்று வரை விடாமல் அடிக்க வேண்டும் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும். குழந்தை, வேலை என்று தொடர்பு தவிர்க்க முடியாவிட்டால் எழுத்தில் மட்டும், அந்த விஷயத்தை மட்டும், இரண்டு வரியில்.

தாழ்வாரம்:
மேலே சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். அடி, மிரட்டல், பின்தொடர்தல் இருக்கும் இடத்தில் முகத்துக்கு நேரே முடிவைச் சொல்லாதீர்கள். பிரியப்போவது தெரியவரும் சமயமும் பிரிந்த உடனே வரும் நாட்களும்தான் அதிக ஆபத்தானவை. கழுத்தை நெரித்தது ஒரே ஒரு தடவை என்றாலும், துணையால் கொல்லப்படும் ஆபத்தை அளக்க ஆய்வாளர் ஜாக்குலின் கேம்ப்பெல் உருவாக்கிய அபாய மதிப்பீட்டில் அது உயிராபத்தின் அறிகுறி. 'கோபத்துல செஞ்சது' என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள்.

முதலில் அடையாள ஆவணங்கள், மருந்து, மாற்றுச் சாவி, கொஞ்சம் பணம் எல்லாம் நம்பகமான ஒருவரிடம் போய்ச் சேரட்டும். அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு அவசரச் சொல் வையுங்கள். அடுத்தது போன். இருப்பிடப் பகிர்வைத் திடீரென்று நிறுத்தினால் துணைக்குச் சந்தேகம் வரும், அதனால் கிளம்பும் நேரம் வரை அதைத் தொடாதீர்கள். புது மின்னஞ்சலை அவர் கைபடாத வேறொரு கருவியில் தொடங்குங்கள். கிளம்பியதும் கடவுச்சொல், மீட்பு எண், இரண்டடுக்குச் சரிபார்ப்பு மூன்றையும் மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். பையிலும் வண்டியிலும் டிராக்கர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

"நீ போனா செத்துடுவேன்" என்றால் அலட்சியம் செய்ய வேண்டாம். ஆனால் ஓடிப் போக வேண்டியது நீங்கள் அல்ல. அவர் வீட்டாருக்கோ அவசர உதவிக்கோ உடனே சொல்லுங்கள்.

மழைத்துளி:
நன்றி. இதே நடத்தை அப்பா அம்மாவிடமோ நெருங்கிய நட்பிலோ இருந்தால்?

கரைமேகம்:
அங்கே அடியோடு வெட்டுவது ஒன்றே வழியல்ல. பேசும் நேரத்தைக் குறையுங்கள். சம்பளம், திருமணம் என்று குத்துப்பட்ட விஷயங்களைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். பார்ப்பதென்றால் நீங்களாக எழுந்து வரக்கூடிய இடத்தில் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் இப்படி இருந்தும் ஒவ்வொரு தடவையும் எல்லை மீறப்பட்டால், அடுத்த படியை அப்போது யோசிக்கலாம்.