கிராம சபையில கையெழுத்து போட்டுட்டு வர்றதைத் தாண்டி என்ன செய்யலாம்?

வரப்பு76 (கேள்வி)

எங்க ஊராட்சியில நாலு குக்கிராமம், மொத்தம் 2,400 பேர் இருப்பாங்க. கிராம சபைன்னா நூறு நாள் வேலைக்குப் போறவங்களை வரச்சொல்லி நோட்டுல கையெழுத்து வாங்குறது, முன்னாடியே எழுதி வச்ச தீர்மானத்தை ஒருத்தர் வாசிக்கிறது, அரை மணி நேரத்துல கலையுறது, அவ்வளவுதான். இப்ப தலைவரும் கிடையாது, தனி அலுவலர் பொறுப்புல ஓடுது. வடக்குத் தெருவுல குடிதண்ணி கலங்கலா வருது, தெருவிளக்கு பாதி எரியல. இளவட்டம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அக்டோபர் 2 கூட்டத்துக்குப் போகலாம்னு இருக்கோம். "போயி என்னத்த கிழிக்கப் போறீங்க"ன்னு வீட்லயே கேக்குறாங்க. போனா பிரயோஜனம் உண்டா, இல்ல திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்குறதே மேலா? முறை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மினிட்நோட்டு

ரெண்டையும் செய்யலாம் தம்பி, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. மனு மேசை மாறி மாறிக் கடைசியில உங்க பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கே திரும்பி வரும். தீர்மானம் மினிட் நோட்டுல, அதாவது தீர்மானப் பதிவேட்டுல, ஏறிட்டா அது ஊராட்சி ஆவணம். அடுத்து எந்த அதிகாரி வந்தாலும் அவர் பொறுப்புல இருக்கும். அதனால நீங்க குறி வைக்க வேண்டியது மைக்கை இல்ல, அந்த நோட்டை.

கணக்கு முதல்ல. வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரைக்கும் 50, 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. உங்க ஊருக்கு 100 கையெழுத்து இல்லாம கூட்டம் செல்லாது. நூறு நாள் வேலைக்காரங்களை ஏன் கூப்பிடுறாங்கன்னு இப்பப் புரியும். அவங்களைக் குறை சொல்லாதீங்க. எந்தக் குழாய்ல எத்தனை மணிக்கு என்ன நிறத்துல தண்ணி வருதுன்னு அந்தப் பெண்களுக்குத் தெரியுற அளவுக்கு உங்க ஏழு பேருக்கும் தெரியாது. முன்கூட்டியே அவங்ககிட்ட உட்கார்ந்து கேட்டு எழுதிக்கோங்க.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னாடி அறிவிப்பும் கூட்டப்பொருளும் வரணும். வந்ததும் உங்க கோரிக்கையை ஒரே தாள்ல எழுதி ஊராட்சி செயலர்கிட்ட கொடுத்து, நகல்ல தேதியோட கையெழுத்து வாங்குங்க. வாங்க மாட்டேன்னா ஒப்புகையோட தபால்ல பிடிஓவுக்கு (கிராம ஊராட்சி) அனுப்புங்க, உங்க ஊருக்குத் தனி அலுவலர் பெரும்பாலும் அவர்தான்.

வாசகம்தான் உயிர்நாடி. "குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்"னு எழுதினா "ஆவன செய்யப்படும்"னு ஒரு வரியில மூடிருவாங்க. இப்படி எழுதுங்க:

"வடக்குத் தெரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை 15 நாட்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்து, செய்த தேதியைத் தொட்டியின் மீது எழுத வேண்டும். தினசரி குளோரின் சோதனைப் பதிவேட்டை அடுத்த கிராம சபையில் பார்வைக்கு வைக்க வேண்டும். முதல் சுத்தம் அக்டோபர் 15-க்குள். பொறுப்பு: ஊராட்சி செயலர்."

இதுல இடம், வேலை, தேதி, ஆள் நாலும் இருக்கு. இதை எதிர்த்து யாரும் பேசவும் முடியாது, ஏன்னா செய்ய வேண்டியதைத்தான் கேக்குறீங்க.

கோட்டை விடுற இடம் கையெழுத்து. கூட்டம் தொடங்கும்போதே வருகைப் பதிவேட்டுல வாங்கிட்டு, தீர்மானத்தை அப்புறம் ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதுவாங்க. வருகைக்குப் போடுற கையெழுத்து வேற, தீர்மானத்துக்குக் கீழ போடுறது வேற. தீர்மானம் எழுதி முடிச்சு, சத்தமா வாசிச்சு, கடைசி வரிக்குக் கீழ இடைவெளி இல்லாம கோடு போட்ட பிறகுதான் ரெண்டாவது கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல படம் எடுத்துக்கோங்க. கூட்டத்தைப் பார்வையிட ஒரு பற்றாளர் வருவார், அவர் பேரையும் பதவியையும் குறிச்சு வையுங்க. உங்க தீர்மானத்தை ஏத்த மறுத்தா சண்டை வேண்டாம். வெள்ளைத் தாள்ல ஆட்சேபம் எழுதி, பத்துப் பேர் கையெழுத்தோட பற்றாளர்கிட்டயே கொடுங்க, நகல் வச்சுக்கோங்க.

கோரிக்கை ரெண்டுக்கு மேல வேண்டாம். பன்னிரண்டு கேட்டா பன்னிரண்டும் போகும்.

குளோராஸ்கோப்

மேலே சொன்னதோட தண்ணி பத்தி மட்டும் சேர்க்குறேன். "கலங்கலா வருது"ன்னு பேசுறதை விட ஒரு எண் வச்சுப் பேசினா எடுபடும்.

பிளீச்சிங் பவுடர் அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டியை ஒருமுறை நிரப்பினா 120 கிராம். காலை, மாலை ரெண்டு தடவை நிரப்பினா நாளுக்கு 240 கிராம், மாசத்துக்கு 7.2 கிலோ. அதே அளவுல நாலு தொட்டி இருந்தா கிட்டத்தட்ட 29 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை ஒண்ணு தாண்டும். இப்ப ஊராட்சியோட இருப்புப் பதிவேட்டைப் பாருங்க. மாசம் பத்து மூட்டை செலவுன்னு இருந்தாலும் கேள்வி, மூணு மாசத்துக்கு ஒரு மூட்டைன்னு இருந்தாலும் கேள்வி. (கொசு ஒழிப்பு, வாய்க்கால்னு வேற செலவும் உண்டு, அதையும் தனியா எழுதியிருக்கணும்.)

சோதனை ரொம்பச் சுலபம். குளோராஸ்கோப்னு ஒரு சின்னப் பெட்டி, தொட்டி ஆபரேட்டர்கிட்டயோ சுகாதார ஆய்வாளர்கிட்டயோ இருக்கும். கண்ணாடிக் குழாய்ல தண்ணி பிடிச்சு மருந்துச் சொட்டு விட்டா, குளோரின் இருந்தா மஞ்சள் நிறம் வரும். பக்கத்துல இருக்குற நிற அட்டையோட ஒப்பிட்டுப் பார்த்தா அளவு தெரியும். நிறம் மாறவே இல்லன்னா குளோரின் இல்லன்னு அர்த்தம். தெருவோட கடைசிக் குழாய்ல 0.2 பிபிஎம்மாவது (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இருக்கணும். தொட்டிக்குக் கீழயே பிடிச்ச தண்ணியில சோதிச்சுட்டு "சரியா இருக்கு"ன்னு எழுதுறது வழக்கம். அதனால கடைசிக் குழாய்னு தீர்மானத்துலயே எழுதுங்க.

பவுடர் சரியாப் போட்டும் சோதனையில ஒண்ணும் வரலன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். மூட்டை வாய் திறந்தே கிடந்து வீரியம் போயிருக்கும், இல்ல குழாய் எங்கயாவது உடைஞ்சு சாக்கடைத் தண்ணி கலந்து குளோரினைத் தின்னுடும். கலங்கல் ஒரே தெருவுல மட்டும்னா ரெண்டாவதைச் சந்தேகப்படுங்க. அப்ப தொட்டியைக் கழுவி என்ன பண்ண? உடைப்பைத் தேடணும். கேட்வால்வு (தண்ணியைத் திறந்து மூடுற வால்வு) இருக்குற குழியில தண்ணி தேங்கி நிக்குதான்னு முதல்ல பாருங்க. தண்ணி விடுறதை நிறுத்தினதும் குழாய்ல அழுத்தம் இறங்கும், குழித்தண்ணியை உடைப்பு வழியா உள்ள இழுக்கும்.

ஆபரேட்டரைப் பகைச்சுக்காதீங்க. சொற்பச் சம்பளத்துல வேலை பார்க்குறவர், பவுடர் வாங்கிக் கொடுக்காதது அவர் தப்பில்ல.

பத்துரூபாய்வில்லை

நோட்டைப் படம் எடுக்க விடலன்னா, அல்லது கூட்டம் முடிஞ்ச பிறகு தீர்மானம் மாறியிருக்குன்னு சந்தேகம் வந்தா, தகவல் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) 2005, பிரிவு 6(1)-ல் விண்ணப்பம். தமிழ்நாட்டில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்குக் கட்டணம் இல்லை, சான்று நகல் இணைக்க வேண்டும். முகவரி: "பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் அலுவலகம்". தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3)-ன்படி அவர்களே ஐந்து நாளில் அங்கு அனுப்ப வேண்டும்.

பலர் தோற்பது கேள்வி கேட்கும் விதத்தில்தான். "தெருவிளக்கு ஏன் எரியவில்லை?" என்றால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் ஆவணத்தைத் தரச் சொல்கிறது, விளக்கத்தை அல்ல. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "அக்டோபர் 2 கிராம சபைத் தீர்மானப் பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட நகல்", "கடந்த நிதியாண்டில் தெருவிளக்குப் பொருட்கள் வாங்கிய பட்டியல்களின் (பில்) நகல்", "அவற்றின் இருப்புப் பதிவேட்டுப் பக்கங்கள்". பட்டியலில் 60 பல்பு, இருப்பில் 40 என்று இருந்தால் மேற்கொண்டு நீங்கள் பேசவே வேண்டாம், கம்பங்களை எண்ணினால் போதும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பக்கம் நிறைய இருக்கும் என்று தோன்றினால் நகல் கேட்காமல் 2(j)-ன்படி நேரில் ஆய்வு செய்யக் கேளுங்கள், முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் 19(1) முதல் மேல்முறையீடு, அதற்கும் பயன் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையத்தில் காத்திருப்பு நீளம், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாளுக்கு 250, அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து போகும் என்பதால் முதல் மேல்முறையீட்டிலேயே காகிதம் நகர்வது உண்டு. கெடு தாண்டினால் நகல் இலவசம், 7(6).

காசில்லாத வழியும் ஒன்று: மத்திய அரசின் ஈ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இறங்கினால் 15-வது நிதிக்குழு மானியத்தில் (2021-26) என்ன வேலை திட்டமிட்டார்கள், எந்த வவுச்சரில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரியும். அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டிய பணம். எல்லா வரவும் அந்தத் தளத்தில் இராது. ஊராட்சியின் முழு வரவு செலவு படிவம் 30-ல் இருக்கும், அதைக் கிராம சபையின் பார்வைக்கு வைப்பது கட்டாயம். வைக்காவிட்டால் முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும்.

ஏகாந்தம்

எல்லாம் சரி, ஆனா தீர்மானத்துக்கு இல்லாத பலத்தை இருக்குன்னு சொல்லி ஆசை காட்ட வேண்டாம். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரத்துல 2022-ல இருந்து கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டாங்க. தீர்மானத்தால திட்டம் நிக்கல.

மினிட்நோட்டு

உண்மை, மறுக்கல. ஆனா அரிட்டாபட்டியையும் சேர்த்துப் பாருங்க. 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவாச்சு. அந்த மாசமே கிராம சபைத் தீர்மானம், டிசம்பர் 9 சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7 மதுரைக்குப் பெரும் பேரணி, ஜனவரி 23 அன்னிக்கு மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. தீர்மானம் மட்டும் அதைச் செய்யல, சனம் தெருவுக்கு வந்துச்சு. ஆனா ஊர் என்ன நினைக்குதுங்கிறதுக்கு முதல் எழுத்துச் சாட்சி அந்த மினிட் நோட்டுதான். ஒடிசா நியமகிரியில வழியே வேற. அங்க 2013-ல உச்ச நீதிமன்றமே வன உரிமைச் சட்டத்தை வச்சு கிராம சபைங்க முடிவு பண்ணட்டும்னு சொல்லி, பன்னிரண்டு கிராம சபையும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம்னுச்சு.

வரப்பு76 கேக்குறது குடிதண்ணியும் தெருவிளக்கும். அது ஊராட்சியோட சொந்த வேலை, சொந்தப் பணம். அங்க தீர்மானத்துக்கு இருக்குற பிடி, மத்திய அரசுத் திட்டத்தை எதிர்க்கும்போது இருக்காது. ரெண்டையும் ஒரே தராசுல நிறுக்காதீங்க.

வரப்பு76

ரொம்ப நன்றி. ஒரு தயக்கம். ஆர்டிஐ போட்டா "இன்னார் போட்டான்"னு சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். எங்கள்ல ரெண்டு பேர் வீட்ல நூறு நாள் வேலைக்குப் போறாங்க, அதுல கை வச்சுருவாங்களோன்னு பயம்.

பத்துரூபாய்வில்லை

பயம் நியாயமானது. விண்ணப்பம் போடுபவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டியதில்லை, இந்தியக் குடிமகன் யாரும் போடலாம். காரணம் சொல்லவும் தேவையில்லை, 6(2). வெளியூரில் வேலை பார்க்கும் நண்பர் பெயரில், அவர் முகவரியிலிருந்து போடுங்கள். தமிழக அரசின் ஆர்டிஐ இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். தனி மனிதர்கள் பற்றிய விவரம் (யார் வீட்டுக்கு எவ்வளவு வரி பாக்கி, யாருக்கு வீடு வந்தது) கேட்காதீர்கள். தனிநபர் விவரத்துக்கு விலக்கு தரும் பிரிவு 8(1)(j) திருத்தத்துக்குப் பிறகு அதைக் காட்டி முழு விண்ணப்பத்தையும் தள்ள வசதியாகிவிட்டது, ஊருக்குள் பகையும் வரும். பட்டியல், இருப்பு, தீர்மானம், அவ்வளவு போதும்.

கிராம சபையில் பேசுவதற்கு மட்டும் வெளியாள் ஆக மாட்டார், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். உங்கள் ஏழு பேர் பெயரும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இளைஞர்கள் பலர் கல்லூரி ஊரில் பதிந்துவிட்டு, கூட்டத்தில் "நீ இந்த ஊர் ஓட்டா?" என்ற ஒரே கேள்வியில் வாயடைத்துப் போவது உண்டு.

குளோராஸ்கோப்

பேசுறது ஒரே ஆளா இருக்க வேண்டாம். வடக்குத் தெரு அக்கா ஒருத்தர் தண்ணியைச் சொல்லட்டும், இன்னொருத்தர் தீர்மானத்தை வாசிக்கட்டும், மூணாவது ஆள் பக்கத்துல நின்னு நோட்டுல அது அப்படியே ஏறுதான்னு மட்டும் பார்க்கட்டும். தெருவிளக்குக்கும் இப்பவே ஆரம்பிச்சிருங்க: ராத்திரி எட்டு மணிக்கு நடந்து, எரியாத கம்பத்தோட எண்ணை மட்டும் எழுதுங்க. கம்பத்துல எண் இல்லன்னா "இன்னார் கடை எதிர்ல"ன்னு. அந்தப் பட்டியலை மனுவோட பின் அடிச்சுக் கொடுங்க. நவம்பர் 1 கூட்டத்துக்கு ஒரு மாசம்தான் இடைவெளி, அங்க அதே பட்டியலை வச்சு எது சரியாச்சு, எது ஆகலன்னு டிக் போட்டுக் கேக்கலாம்.