டர்போ நத்தைகள் கவிழ்ந்து விழுகின்றன, இறால் ஒன்றும் போய்விட்டது. உதவி வேண்டும்

கேள்வி (மதுரை):
வணக்கம். என்னிடம் இருப்பது 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, ஏழு மாதமாக ஓடுகிறது. இரண்டு கோமாளி மீன், இரண்டு கிளீனர் இறால் (மீன்களைக் கொத்திச் சுத்தம் செய்பவை), ஐந்து டர்போ நத்தை (கண்ணாடியில் படியும் பாசியைத் தின்பவை). நான்கு நாளாக நத்தைகள் கண்ணாடியை விட்டு மணலில் மல்லாந்து கிடக்கின்றன. நிமிர்த்தி வைத்தாலும் ஏறுவதில்லை. இன்று காலை பாறையடியில் ஒரு இறால் செத்துக் கிடந்தது, மீசை உட்பட முழுசாக. அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் 10, ஹைட்ரோமீட்டரில் (நீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும் கருவி) உப்பு 1.025. மீன்கள் நன்றாகச் சாப்பிடுகின்றன. எதைத் தவறாகச் செய்கிறேன் என்று தெரியவில்லை.

பதில் (கோவை):
மீனுக்கு ஒன்றும் இல்லை, நத்தையும் இறாலும் மட்டும் விழுகின்றன என்றால் எனக்கு முதல் சந்தேகம் செம்புதான். வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஏதாவது மருந்து விட்டீர்களா? அவற்றில் பலவற்றில் செம்பு உண்டு. மீன் தாங்கும் அளவே இவற்றைக் கொன்றுவிடும்.

கேட்டவர்:
இல்லை அண்ணா, இந்தத் தொட்டியில் எந்த மருந்தும் விட்டதில்லை. தண்ணீரும் ஆர்.ஓ. தான்.

பதில் (சென்னை):
தம்பி, முதலில் அந்த இறாலைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே சதை இருக்கிறதா? செத்த இறால் வெளிறி, கலங்கலாக இருக்கும். கண்ணாடி மாதிரி லேசாக, முதுகு வாலோடு சேரும் இடத்தில் பிளந்து இருந்தால் அது உரித்த சட்டை. புது ஓடு கெட்டியாகும் வரை உள்ளே இருந்தவர் ஏதாவது பொந்தில் ஒளிந்திருப்பார்.

அப்புறம், வெயிலுக்காகச் சமீபத்தில் ஏதாவது மாற்றினீர்களா? ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாக எதை ஊற்றுகிறீர்கள்?

கேட்டவர்:
அண்ணா, வெறும் சட்டைதான்! டார்ச் அடித்துப் பார்த்தேன், பாறைக்குப் பின்னால் இரண்டு பேரும் இருக்கிறார்கள். மனசு லேசாகிவிட்டது.

தண்ணீர் 31 டிகிரி வரை போனதால் 12 நாள் முன்பு சின்ன மின்விசிறி மாட்டினேன். இப்போது 28. தினம் ஒன்றரை லிட்டர் குறைகிறது. முன்பு குறைந்ததே தெரியாது, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது சரியாகிவிடும். இப்போது கலந்து வைத்த உப்புநீரைத் தினமும் ஊற்றுகிறேன்.

பதில் (சென்னை):
பிடித்துவிட்டோம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம், தினம் ஒன்றரை லிட்டர், 12 நாள்: 630 கிராம் உப்பு கூடுதலாகப் போயிருக்கிறது. லிட்டருக்கு 35 இருந்தது இப்போது 41ஐத் தொட்டிருக்கும். எலும்புள்ள மீன் உடம்புக்குள் உப்பைச் சமன் செய்துகொள்ளும். நத்தைக்கு அந்த வசதி இல்லை. வெளியே உப்பு ஏறினால் அதன் உடம்பிலும் ஏறும்.

ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள். முள்ளில் உப்புப் படிந்தால் கனம் கூடி, அளவு குறைத்துக் காட்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள திட்டக் கரைசலால் சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் கருவி) பாருங்கள், 35 என்றால் சுமார் 1.026 காட்டும்.

அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்க வேண்டாம். தினம் 5 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு 5 லிட்டர் ஆர்.ஓ. நீரை மெதுவாக விடுங்கள், மூன்று நாளில் 35க்கு வந்துவிடும். இனி குறையும் தண்ணீருக்கு வெறும் ஆர்.ஓ. மட்டும். கண்ணாடியில் கோடு போட்டு அதுவரை நிரப்புங்கள். இறாலுக்கு என்று அயோடின் எதுவும் ஊற்ற வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இன்னொன்று: மணலைச் சுத்தமாக வைக்க ராமேஸ்வரத்திலிருந்து கடல் அட்டை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். விடலாமா?

பதில் (கோவை):
வேண்டவே வேண்டாம். 2001லிருந்து கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. கல் பவளமும் அப்படியே. பிடிப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் மணலைத் தின்று புரட்டிக் கொடுப்பது அதுதான், அங்கேயே இருக்கட்டும். தவிர, தொட்டியில் அது செத்தால் விடும் நஞ்சில் மீனும் போகும்.

கேட்டவர் (ஐந்து நாள் கழித்து):
ரிஃப்ராக்டோமீட்டர் முதல் நாள் 1.031 காட்டியது, இன்று 1.026. ஒரு நத்தை போய்விட்டது, வருத்தம்தான். மற்ற நான்கும் நேற்று இரவு கண்ணாடியில் ஏறிவிட்டன, பாசியில் சுத்தமான பாதை தெரிகிறது. சட்டை உரித்தவர் இன்று வெளியே வந்தார், சிவப்பு பளிச்சென்று, நடுவில் வெள்ளைக் கோடு. கையை உள்ளே விட்டேன், வந்து நகக்கண்ணைக் கொத்திச் சுத்தம் செய்கிறார்.