கார்பேஜ் பெயில் கிட்ஸுக்கும் ஏங்க வேண்டுமா?

ஷூபெட்டி:
வீட்டை ஒழிக்கும்போது என் பழைய ஷூ பெட்டி கிடைத்தது. உள்ளே 1973, 74இல் அமெரிக்காவில் நான் சேர்த்த வேக்கி பேக்கேஜஸ் ஸ்டிக்கர்கள், கடைச் சரக்குகளின் பெயரையும் டப்பாவையும் கேலி செய்து டாப்ஸ் கம்பெனி விட்டவை. க்ரெஸ்ட் பற்பசை அதில் 'க்ரஸ்ட்' (பொருக்கு), ரிட்ஸ் பிஸ்கட் 'ராட்ஸ்' (எலிகள்). வீரர்களின் காலை உணவு என்று விற்ற வீட்டீஸ், 'வீக்கீஸ்' (சோனிகள்) ஆகியிருக்கும். பபிள்கம்மோடு பாக்கெட் ஐந்து சென்ட். நார்மன் சாண்டர்ஸ் தீட்டிய படங்கள் அசல் டப்பா போலவே இருக்கும். எழுத்தைப் படித்தால்தான் குட்டு வெளிப்படும். டிவியில் விளம்பரம் வந்தால் நானும் அண்ணனும் அந்த மாற்றுப் பெயரைக் கத்துவோம். விளம்பரத்தை அப்படியே நம்பக் கூடாது என்று எட்டு வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

அதே டாப்ஸ் கம்பெனி 1985இல் விட்ட கார்பேஜ் பெயில் கிட்ஸையும் ('குப்பைத்தொட்டிக் குழந்தைகள்', அருவருப்பான பிள்ளைப் படங்கள் போட்ட ஸ்டிக்கர் அட்டைகள்) இதோடு சேர்த்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. முதலாவது கடைச்சரக்கைக் கேலி செய்தது. இரண்டாவது பிள்ளைகளைக் கேலி செய்தது.

எண்பத்தைந்து:
இல்லை அண்ணா. அதுவும் கடைச்சரக்கைத்தான் கேலி செய்தது. கேபேஜ் பேட்ச் பொம்மைக்காக 1983 கிறிஸ்துமஸ் சமயம் பெரியவர்கள் கடைகளில் அடித்துக்கொண்டார்களே, அந்தப் பொம்மைதான் குறி. பொம்மைக்காரர்கள் 1986இல் வழக்குப் போட்டார்கள், சமரசத்துக்குப் பிறகு டாப்ஸ் உருவத்தையே மாற்ற வேண்டி வந்தது. அவர்களுக்கு உறைக்காமலா கோர்ட்டுக்குப் போனார்கள்? ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மேன் இரண்டிலும் வேலை செய்தவர். உங்களுக்கு அது குறும்பு, எங்களுக்கு மட்டும் கொடுமையா?

ஷூபெட்டி:
வழக்கு விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பற்பசைக்கு அழத் தெரியாது தம்பி. கார்பேஜ் பெயிலில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பெயர் போட்டார்கள். தலை வெடிக்கும் பையன் ஓர் அட்டையில் ஆடம் பாம், இன்னொன்றில் பிளாஸ்டட் பில்லி. வகுப்பில் ஓர் ஆடமோ பில்லியோ இருந்தால் அவன் கதி?

எண்பத்தைந்து:
அவன்தான் அன்றைக்கு ராஜா! அவனவன் தன் பெயர் அட்டைக்காக ஐந்து, ஆறு அட்டை கொடுத்து மாற்றிக்கொள்வான். என் பெயரில் அட்டை வரவே வராது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்றில் அச்சிட்ட பெயரை வெள்ளைத் தாளால் மறைத்து என் பெயரை எழுதி வைத்துக்கொண்டேன். அன்று முழுக்கச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

கிருத்திகை:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் பெயரிலும் அட்டை கிடையாது. ஆனால் வகுப்புப் பையன்கள் மூக்கு ஒழுகும் ஓர் அட்டையில் என் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதி என் மேசையில் ஒட்டினார்கள். ஸ்டிக்கர் அல்லவா, உரிக்க வரவில்லை. ரூலரால் சுரண்டினேன். பாதி முகம் போனது, பெயர் அப்படியே இருந்தது. வருஷக் கடைசி வரை அதன்மேல் நோட்டை வைத்துத்தான் எழுதினேன். பல பள்ளிகள் இதைத் தடை செய்தபோது பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுத்தார்கள் என்று இப்போது எழுதுகிறார்கள். எங்கள் பள்ளியில் தடை வந்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எண்பத்தைந்து:
அக்கா, மன்னியுங்கள். அந்த மேசையை நான் யோசித்ததே இல்லை. ஆனாலும் தப்பு எழுதிய கையில்தான், அட்டையில் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கிருத்திகை:
எழுத இடம் விட்டுக் கொடுத்தது அட்டைதான் தம்பி. கேலிப் பெயர் வைப்பதையே விளையாட்டாக்கி ஐந்து ஸ்டிக்கர் இருபத்தைந்து சென்ட் என்று விற்றார்கள். நீங்கள் உங்கள் பெயரை நீங்களே எழுதினீர்கள். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஷூபெட்டி:
தம்பி, அந்த அட்டை இன்னும் இருக்கிறதா?

எண்பத்தைந்து:
இருக்கிறது அண்ணா. தூக்கிப் போட மாட்டேன்.