பாஞ்ச் ஓக் கொட்டை டெல்லி மாடியில் மரமாகுமா?

மயூர் விஹார் மாடி: உத்தராகண்ட் மலையூரான முக்தேஷ்வரிலிருந்து ஒரு கிலோ பாஞ்ச் ஓக் (இமயமலை மரம்) கொட்டை வந்திருக்கிறது. தொட்டியில் வளருமா? வறுத்துத் தின்னலாமா? மலைக்காரர்கள் இந்த மரத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

ஆர்.கே.புரம் தோட்டம்: முளைக்கும் சார், மரமாவது சந்தேகம். சுமார் 1,200 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் வாழும் மரம்; நம்மூர் மே மாத 45 டிகிரியையும் லூ என்கிற அனல்காற்றையும் தாங்காது. ஆசைக்கு முளைக்க வைப்பதென்றால் இன்றே தண்ணீரில் போடுங்கள். மிதப்பதில் பெரும்பாலும் வண்டுப்புழு இருக்கும், இல்லையென்றால் காய்ந்திருக்கும், எறிந்துவிடுங்கள். மூழ்கியதை ஈர மணலில் வையுங்கள். வெயிலில் மட்டும் உலர்த்தாதீர்கள், ஈரம் போனால் விதையின் உயிரும் போச்சு. படுக்கவைத்து ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். தண்டு தலைகாட்டுவதற்கு முன்பே ஆணிவேர் விறுவிறுவென்று இறங்கிவிடும். குட்டைத் தொட்டியானால் அது அடியில் சுருண்டு, பிறகு எங்கே நட்டாலும் செடி தேறாது. மலைக்குப் போகிறவர் யாராவது இருந்தால் கொட்டையை அவரிடமே கொடுத்தனுப்புவது உத்தமம்.

துவாரகா செக்டர் 6: உபயோகம் என்றால் முதலில் மாட்டுத்தீவனம். குளிர்காலத்தில் புல் கருகியதும் பச்சையாக நிற்பது இதுதான். பெண்கள் அரிவாளோடு ஏறிக் கிளை கழிப்பார்கள். உதிர்ந்த சருகைத் தொழுவத்தில் பரப்பினால் சாணமும் கோமியமும் ஊறி வயலுக்கு எருவாகும். விறகு நின்று எரியும். கலப்பைக்கும் கோடரிக் காம்புக்கும் இந்தக் கட்டைதான். காயும்போது முறுக்கி வெடிப்பதால் மேஜை நாற்காலிக்கு உதவாது.

மரத்தைக் கெடுப்பது கிளை கழிக்கிற விதம்தான். உச்சியில் ஒரு குடுமி மட்டும் விட்டு மொட்டையடித்த மரம் சரியாகக் காய்க்காது. புது மரக்கன்று வராத அந்த இடத்தைச் சீர் பைன் என்ற ஊசியிலை மரம் பிடிக்கும். அதன் ஊசிச்சருகு கோடையில் சட்டென்று தீப்பிடிக்கும். மேல் மூன்றில் ஒரு பங்கை விட்டு, ஒரே மரத்தை வருஷா வருஷம் தொடாமல் சுழற்சியில் கழித்தால் பிழைக்கும்.

கரோல் பாக் கால்நடை: வறுத்தால் கொட்டையில் உள்ள டானின் என்கிற வேதிப்பொருள் போகாது ஜி, துவர்ப்பும் அப்படியே நிற்கும். தின்னாதீர்கள். மாட்டுக்கும் இளந்தளிர் ஆபத்து: வசந்தத்தில் அதை மட்டுமே தின்றால் சிறுநீரகம் பழுதாகி, மலச்சிக்கலும் தீனி மறுப்பும் வரும். முற்றிய இலையை வைக்கோலோடு கலந்து போடுவதே சரி.

ஆர்.கே.புரம் தோட்டம்: இலையும் கூட வந்திருந்தால் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் வெள்ளையாக, பஞ்சு ஒட்டினாற்போல இருந்தால்தான் பாஞ்ச். இருபுறமும் வழவழவென்று பச்சையாக இருந்தால் திலோஞ்ச் என்ற வேறொரு ஓக்காக இருக்கலாம். அது இன்னும் குளிரான மேட்டு மரம்.