சேர்வராயன் மலையில் குதிரையோடு கூடாரம்: அனுமதி கேட்கலாமா?

ஓமலூர் சவாரி:
வனத்துறை ஏற்காட்டுப் பக்கம் பொது முகாம் இடம் ஒதுக்கினால், அதில் குதிரைக்கும் ஒரு மூலை கேட்டு மனு கொடுக்கப் போறோம். நாங்க நாலு பேர், நாலு குதிரை. ரெண்டு அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கினது. ராத்திரி தங்கி விடியற்காலை கிளம்பிடுவோம். புகை கிடையாது, ஹாரன் கிடையாது. காரை விடுறவங்க குதிரையை ஏன் விடக்கூடாது?

நாகலூர் தோட்டக்காரர்:
வேண்டாம் தம்பி. ஒரு குதிரை நாளைக்குப் பதினஞ்சு, இருபது கிலோ லத்தி போடும். அதுகூடப் பரவாயில்லை, அள்ளிடலாம். புல்லோடு உள்ளே போற விதையில் கொஞ்சம் செரிக்காம வெளியே வந்து அங்கேயே முளைக்குமே, அதை எப்படி அள்ளுவீங்க? என் காபித் தோட்டத்து ஓரத்தில் உண்ணிச்செடியை வெட்டி வெட்டிக் கை ஓஞ்சு போச்சு. கீழ்நாட்டுப் பார்த்தீனியத்தையும் மேலே ஏத்தாதீங்க.

ஓமலூர் சவாரி:
நியாயம்தாங்கண்ணா. கிளம்புறதுக்கு மூணு நாள் முன்னாடியே காட்டுப்புல்லை நிறுத்திட்டு, வேகவெச்ச கொள்ளும் தவிடும் மட்டும் போடுறோம். வெந்த கொள்ளு முளைக்காது.

கால்நடை டாக்டர்:
அப்படித் திடீர்னு மாத்தாதீங்க! குதிரையால வாந்தி எடுக்க முடியாது. வெறும் தானியத்தில் வயிறு உப்பி வலி வந்தா, மலைமேல ராத்திரியில் யாரைக் கூப்பிடுவீங்க? நார்த்தீனி கட்டாயம் வேணும். பூ வைக்கும் முன்னாடி அறுத்த புல்லாப் பார்த்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. தண்ணியையும் கணக்குப் போடுங்க. ஒரு குதிரைக்கு நாளைக்கு முப்பது லிட்டராவது ஆகும்.

நாகலூர் தோட்டக்காரர்:
நாலுக்கு நூத்தி இருபது லிட்டர். சித்திரையில் எங்க ஊர்ப் பெண்கள் குடம் தூக்கிட்டு ஓடைக்கு நடக்கிறாங்க.

ஓமலூர் சவாரி:
தண்ணி வண்டி எங்க செலவு. மரத்தில் நேரா கட்டவும் மாட்டோம். அப்படிக் கட்டினா கயிறு பட்டையை அறுக்கும், குதிரை ராத்திரி பூரா காலால் பறிச்சு வேரை வெளியே கொண்டு வந்துடும். ரெண்டு மரத்தில் சாக்கைச் சுத்தி, குதிரைத் தலைக்கு மேலே குறுக்குக் கயிறு இழுத்து அதில் கட்டுவோம்.

மலைப்பாதை:
காட்டுமாட்டை ஏன் யாரும் பேசலை? போன மாசம் எங்க வாசலுக்கே ஒண்ணு வந்து நின்னுச்சு. வாடை அடிச்சாலே குதிரை மிரளும். கயிற்றை அத்துக்கிட்டு ஓடினா ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் இருபது கொண்டை ஊசி வளைவு ரோடு. இருட்டில் வர்ற பஸ்காரன் என்ன செய்வான்?

ஓமலூர் சவாரி:
இதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க. நாலும் நாங்க பிள்ளை மாதிரி வளர்க்கிறது. காட்டுக்குள்ளே வேண்டாம், ஊர் ஓரமா, வேலி போட்ட இடமாக் கேட்டு மனுவைத் திருத்துறோம்.

நாகலூர் தோட்டக்காரர்:
அப்படின்னா அது வேற பேச்சு. முதல்ல ஊர்க்காரங்ககிட்ட வந்து உட்கார்ந்து பேசுங்க. தண்ணி வண்டியையும் லத்தி அள்ளுறதையும் மனுவிலேயே எழுதுங்க. படிச்சுப் பார்த்துட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.