போக்கரில் எதிராளியின் ஸ்டாக் (மேசையில் வைத்திருக்கும் பணம்) அளவை வைத்து அவருடைய திறமையைக் கணிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். ஆறு பேர் அமரும் நோ-லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை) கேஷ் மேசையில், 5/10 சென்ட் பிளைண்டில் (ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயங்கள்; பெரியது பிக் பிளைண்ட்) இணையத்தில் ஆடுகிறேன். இங்கே அதிகபட்சம் 10 டாலருடன், அதாவது 100 பிக் பிளைண்டுடன் உட்காரலாம். குறைந்தபட்சம் 4 டாலர். புதிய மேசையில் சேரும்போது வேறு தகவல் எதுவும் இல்லாத நிலையில், 26 டாலர் வைத்திருப்பவரை வல்லவர் என்றும் 4 டாலர் வைத்திருப்பவரைப் புதியவர் என்றும் கொள்வது சரியா?

பதில் 1:
26 டாலர் இருந்தால் அவர் வென்றிருக்கிறார் என்பது மட்டுமே உறுதி. கிடைத்த சீட்டையெல்லாம் ஆடுபவருக்கும் ஓரிரு ஆல்-இன் (இருக்கும் பணம் முழுவதையும் பந்தயம் வைப்பது) வாய்த்துவிட்டால் சில நிமிடங்களில் அந்த அளவு சேர்ந்துவிடும்.

நான் முதலில் கவனிப்பது, பணம் குறையும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான். 9.60 டாலராக இறங்கியவர் அடுத்த ஆட்டத்திலேயே மீண்டும் 10 டாலருடன் நின்றால், அவர் ஆட்டோ டாப்-அப் (குறைந்த பணத்தைத் தானாக நிரப்பும் வசதி) வைத்திருக்கிறார். பலவீனமானவர் சிக்கும்போது முழு ஸ்டாக்கும் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கும் வழக்கமான ஆட்டக்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். 6.35 டாலருக்கு இறங்கியும் நிரப்பாமல் ஆடிக்கொண்டே இருப்பவர், பெரும்பாலும் பொழுதுபோக்காக வந்தவர்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சரியாக 4 டாலருடன் உட்காருபவரை எந்த வகையில் சேர்ப்பது?

பதில் 1:
அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். குறைந்தபட்சத் தொகையுடன் பல மேசைகளில் ஒரே நேரத்தில் அமர்ந்து, இரட்டிப்பானதும் எழுந்து போகும் தேர்ந்த ஷார்ட் ஸ்டாக் ஆட்டக்காரர்கள் உண்டு. அவர்கள் உள்ளே வந்தால் ரெய்ஸ் செய்துதான் (பந்தயத்தை உயர்த்தித்தான்) வருவார்கள், இல்லையேல் ஃபோல்ட் செய்துவிடுவார்கள் (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவார்கள்). புதியவரோ வெறும் கால் செய்தே (இருக்கும் பந்தயத்துக்கு ஈடாக மட்டும் பணம் வைத்தே) பல ஆட்டங்களில் நுழைவார். நூறு ஆட்டங்களில் 45-இல் நுழைந்து, அவற்றில் 8-இல் மட்டும் ரெய்ஸ் செய்திருப்பவர், எத்தனை டாலர் வைத்திருந்தாலும் பலவீனமானவரே.

பதில் 2:
மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் ஸ்டாக் அளவின் முதன்மையான பயன் ஆளை எடைபோடுவதில் இல்லை. உங்கள் இருவரில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ, அந்தத் தொகைதான் உண்மையில் பந்தயத்தில் இருக்கிறது. கையில் சிறிய ஜோடி இருந்தால், பிளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) அதே எண்ணின் இன்னொரு சீட்டு விழ ஏறத்தாழ 12 சதவீத வாய்ப்புதான். ஆகவே 30 சென்ட் ரெய்ஸைக் கால் செய்ய, எதிராளியிடம் அதைப்போல் 15 மடங்காவது, அதாவது 4.50 டாலராவது இருக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. 4 டாலர்காரர் தேர்ந்தவரோ புதியவரோ, அவருடைய அந்த ரெய்ஸுக்கு மூன்று-மூன்று போன்ற சிறிய ஜோடியை ஃபோல்ட் செய்துவிடுங்கள்.