ஆறு குடியேற்ற நாடுகள் ஒரே சமஷ்டியானது எப்படி? மகளுக்கு விளக்க வேண்டும்

வெள்ளவத்தை அப்பா:
மகள் இந்த வருடம் ஏ.எல். எழுதுகிறாள். அரசியல் விஞ்ஞானத்தில் சமஷ்டி பாடம். "ஒரே இனம், ஒரே மொழி, ஒரே பிரித்தானிய முடி, ஆகவே 1901இல் ஆறு அவுஸ்திரேலியக் குடியேற்ற நாடுகளும் இணைந்தன" என்று ரியூசன் நோட்ஸில் ஒற்றை வரி. "அப்பா, நியூசிலாந்துக்கும் அதே இனம், அதே மொழி, அதே முடிதானே, அது ஏன் சேரவில்லை?" என்கிறாள். நான் கணக்காளன். சரித்திரம் எனக்கு ஓ.எல்.லோடு சரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை வாஃப் கிளார்க்:
தம்பி, பிள்ளை நல்ல இடத்தில்தான் பிடித்திருக்கிறாள். நான் கொழும்புத் துறைமுகத்தில் வாஃப் கிளார்க்காகக் காலம் தள்ளியவன். எந்த நாட்டுச் சரித்திரத்தைப் படித்தாலும் சுங்கக் காசு யார் கைக்குப் போனது என்றுதான் முதலில் பார்ப்பேன். அவுஸ்திரேலியாவைப் புரிந்துகொள்ள அது போதும்.

1901க்கு முன் ஆறுக்கும் ஆறு பாராளுமன்றம், ஆறு விதமான தீர்வை. நியூ சவுத் வேல்ஸ் திறந்த வர்த்தகத்தின் பக்கம். விக்டோரியா தன் தொழிற்சாலைகளைக் காப்பாற்ற வெளிச் சாமானுக்கு வரி போட்டது. மரே ஆற்றின் அக்கரையும் அதற்கு 'வெளி'தான். ஆற்றங்கரை ஊர்களில் சுங்கச் சாவடி, பெட்டியைத் திறந்து பார்க்க அதிகாரி. களனிப் பாலத்தைத் தாண்டி நீர்கொழும்புக்குப் போகிற லொறி ஒவ்வொன்றும் என்ட்ரி போட வேண்டும் என்றால் எப்படி இருக்கும், அப்படி. ரயிலிலும் அதே கூத்து. தண்டவாள அகலம் விக்டோரியாவில் 5 அடி 3 அங்குலம், நியூ சவுத் வேல்ஸில் 4 அடி 8½, குயின்ஸ்லாந்தில் 3 அடி 6. மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குப் போகிறவர் எல்லையில் ஆல்பரி நிலையத்தில் மூட்டை முடிச்சோடு இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும். சமஷ்டி வந்த கையோடு இது தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த இரு நகரங்களுக்கும் இடையே ஒரே அகலப் பாதை 1962இல்தான் வந்தது!

நியூ சவுத் வேல்ஸ் பிரதமர் ஹென்றி பார்க்ஸ் 1889இல் டென்டர்ஃபீல்ட் ஊரில் 'இணைவோம்' என்று பேசிய பேச்சைத்தான் எல்லா நோட்ஸும் தொடக்கமாகப் போடும். பேச்சு நல்ல பேச்சுதான். அதன் பிறகும் பதினொரு வருடம் இழுபட்டதே, ஏன்? காசுதான். அந்த அரசாங்கங்களுக்குச் சுங்க வரி பெரிய வருமானம். ஒரே நாடு என்றால் அது மத்திக்குப் போய்விடும். அப்புறம் சின்ன தஸ்மேனியா எதைக் கொண்டு சம்பளம் போடும்? அதனால் தஸ்மேனியப் பிரதமர் எட்வர்ட் பிராடன் ஒரு வாசகத்தைச் செருகினார்: சுங்க, மதுவரி வருமானத்தில் மத்தி காற்பங்குக்கு மேல் செலவழிக்கக் கூடாது, மிச்சம் மாநிலங்களுக்கு. நியூ சவுத் வேல்ஸில் இதற்குக் கடும் எதிர்ப்பு. 1898 வாக்கெடுப்பில் அங்கே 'ஆம்' என்றவர்களே அதிகம், ஆனாலும் குறைந்தது 80,000 'ஆம்' வேண்டும் என்ற நிபந்தனையில் விழுந்தது. அடுத்த வருடம் பிரதமர்கள் கூடிப் பேரம் பேசினார்கள். பிராடன் வாசகத்துக்குப் பத்து வருடக் கெடு. தலைநகர் நியூ சவுத் வேல்ஸில், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தூரத்தில். கன்பெரா அப்படித்தான் வந்தது. அது தயாராகும் மட்டும், 1927 வரை, பாராளுமன்றம் மெல்பேர்ணில் இருந்தது.

மேற்கு அவுஸ்திரேலியா இன்னும் கெட்டி. தன் சுங்கத்தை ஐந்து வருடத்தில் படிப்படியாகக் குறைக்கலாம் என்ற சலுகையை வாங்கிக்கொண்டு, 1900 யூலை 31இல்தான் வாக்களித்தது. அதுவும், தங்க வயல் ஊர்க்காரர்கள் 'எங்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்' என்று மனுப் போட்டு நெருக்கிய பிறகு.

நியூசிலாந்துக்கு இந்தப் பேரத்தில் லாபம் இல்லை. இடையில் ஆயிரம் மைலுக்கு மேல் கடல், சரக்கில் பெரும்பகுதி போவது பிரித்தானியாவுக்கு. 1891 மாநாட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அரசியலமைப்புச் சட்டத்தின் முகப்பில், சேரக்கூடிய நாடுகளின் பட்டியலில் அதன் பெயர் இன்றைக்கும் இருக்கிறது.

புதுக்கடைச் சட்ட மாணவி:
ஐயா சொன்னதோடு மேல்சபையான செனட்டையும் சேர்க்க வேண்டும். அப்போது நியூ சவுத் வேல்ஸில் 13 இலட்சத்துக்கு மேல் சனம், தஸ்மேனியாவில் 1 இலட்சத்து 70 ஆயிரம் அளவு. செனட்டில் இரண்டுக்கும் ஆளுக்கு 6 பேர். அரசியலமைப்பைத் திருத்த நாடளாவிய பெரும்பான்மை போதாது, ஆறில் நான்கு மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும் என்கிறது 128ஆம் பிரிவு. சின்னவர்களுக்கு இவ்வளவு கிடைத்ததற்குக் காரணம், 'வரமாட்டோம்' என்று சொல்ல அவர்களால் முடிந்தது.

இலங்கையில் வரிசையே வேறு. 1833இல் கோல்புறூக் சீர்திருத்தத்தோடு கரையோரமும் கண்டியும் யாழ்ப்பாணமும் ஒரே நிர்வாகமாகிவிட்டன. சமஷ்டிப் பேச்சு அதற்குப் பிறகுதான்: 1926இல் பண்டாரநாயக்க, அப்புறம் டொனமூர் ஆணைக்குழு முன் கண்டியர்கள், 1949இல் தமிழரசுக் கட்சி. மூவரும் உள்ளே இருந்துகொண்டே கேட்டவர்கள். தங்கச்சி இந்த வித்தியாசத்தை ஒரு பந்தியாக எழுதினால் நல்லது.

வெள்ளவத்தை அப்பா:
இருவருக்கும் நன்றி. பக்கத்தில் இருந்து வாசித்துவிட்டு இன்னும் இரண்டு கேட்கிறாள். பூர்வீகக் குடிகளிடம் யாராவது கேட்டார்களா? கெடு முடிந்த பிறகு அந்தக் காசு என்ன ஆனது?

கொட்டாஞ்சேனை வாஃப் கிளார்க்:
கேட்கவில்லை. சனத்தொகைக் கணக்கிலேயே அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 127ஆம் பிரிவு சொன்னது. 1967 வாக்கெடுப்பில் 90 வீதத்துக்கு மேல் 'ஆம்' விழுந்துதான் அது நீங்கியது. புதிய பாராளுமன்றம் 1901லேயே கொண்டுவந்த இன்னொன்றையும் சொல்லுங்கள்: குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிப்பார்கள், வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி என்று தெரிவுசெய்வது அதிகாரி. கொழும்பிலிருந்து கப்பலேறிய தமிழருக்கு ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு என்றாலும் ஜெர்மன் மொழியில் சொல்லித் திருப்பி அனுப்பலாம். 1958 வரை இருந்தது இந்தச் சோதனை.

காசு விஷயம் பிராடன் பயந்தபடியே நடந்தது. மாநிலங்கள் சட்டப்படி சுதந்திரம், காசுக்கு மத்தியின் தேர்ச்சக்கரத்தில் கட்டுண்டவை என்று 1902லேயே அல்ஃபிரட் டீக்கின் எழுதினார். அவர் அப்போது அந்த மத்தியிலேயே சட்டமா அதிபர். 1942இல், யுத்த காலத்தில், வருமான வரியையும் மத்தி எடுத்துக்கொண்டது. மாநிலங்கள் வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. அதற்கு முன்பே, 1933இல், மேற்கு அவுஸ்திரேலியா பிரிந்து போக மூன்றில் இரண்டு பங்கு வாக்களித்தது. லண்டன் அந்த மனுவை ஏற்கவில்லை.

அரசியலமைப்பு இணையத்தில் சும்மா கிடைக்கிறது. 87, 92, 96 மூன்று பிரிவுகளையும் வாசிக்கச் சொல்லுங்கள். 96இல் மத்தி நிபந்தனையோடு காசு கொடுக்கும் வழி இருக்கிறது. நம் மாகாண சபைகளின் வரவுசெலவைப் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று விளங்கும்.